சம்பந்தி சொன்ன நேரம்

ஜூன் 14, சனிக்கிழமை, மாலை 4 மணி 5 நிமிடம். ஆவணக் காப்பகக் கட்டடத்தின் அடித்தளத்தில் இரண்டாம் எண் காப்பறைக்குள் தீயணைப்பு வாயு திறந்துவிடப்பட்டது. அங்கே தீ எதுவும் பிடித்திருக்கவில்லை. உள்ளே காப்பாளர் இருந்தார். வயது ஐம்பத்திரண்டு.

ஜூன் 19, வியாழக்கிழமை, பகல் ஒரு மணிக்கு வாத்தியார் அந்தக் காப்பாளரின் வீட்டில் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர் அவர். தொழில் மாறியும் பட்டம் மாறவில்லை. பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி. பெயர் ஒன்று இருந்தது, யாரும் பயன்படுத்துவதில்லை. வழக்கோடு வரும் கட்சிக்காரர்கள் உட்பட எல்லோருக்கும் அவர் மச்சான். விசிட்டிங் கார்டில் 'உதவியாளர்' என்று அச்சடித்திருந்தது. 'தலைவலி' என்று போட்டிருக்க வேண்டும் என்பது அவர் அக்காவின் கருத்து.

காப்பாளரின் மனைவி போனை நீட்டினார்.

“இதுதாங்க கடைசி கால்.”

திரையில் கணவரின் எண் இருந்தது. சனிக்கிழமை, 4:01. பேசியது ஒரு நிமிடம் முப்பத்திரண்டு விநாடி.

“என்ன பேசினார்?”

“சின்னவளுக்கு ரிசல்ட் வந்துடுச்சான்னு கேட்டார். இன்னும் வரலைன்னேன். அப்புறம் சம்பந்தமே இல்லாம, 'உன் பக்கத்துல மணி என்ன?'ன்னார். நாலு ஒண்ணுன்னு சொன்னேன். லேசா சிரிச்சார். 'சரி, வேலையை முடிச்சிட்டு வரேன்'னு வெச்சிட்டார்.”

“மணி கேட்டாரா? அவர் கையில வாட்ச் கிடையாதா?”

“வார் அறுந்துடுச்சுன்னு கடையில குடுத்திருந்தார்.” அவர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். “போலீஸ்ல சொல்றாங்க, அவர் மூணு ஐம்பத்துநாலுக்கே கார்டு காட்டி அந்த அறைக்குள்ள போயிட்டாராம். வெளிய வந்ததாப் பதிவே இல்லையாம். உள்ள எல்லாம் இரும்புச் சுவர், போன் எடுக்காது. 'அப்போ நாலு ஒண்ணுக்கு எப்படிம்மா பேசினார்?'னு என்னையே கேக்கறாங்க. எங்க நாத்தனார், 'உயிர் பிரியறப்போ வந்து பேசிட்டுப் போயிருக்கான்'ங்கறா. அஞ்சு நாளா, நாலு மணி ஆனா இந்தப் போனைக் குப்புறப் போட்டு வெச்சிடறேன். அடிச்சிடுமோன்னு பயமா இருக்கு. அடிக்காதோன்னும் பயமா இருக்கு.”

மச்சான் வாயைத் திறந்தார். அவர் வாயைத் திறந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடியது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

காரில் ஏறியதும் வாத்தியார் நோட்டைத் திறந்து, வழக்கு எங்கே நிற்கிறது என்று மச்சானுக்கு மறுபடி சொன்னார். காப்பறையில் இருந்த ஓர் உயிலின் மூலப்பிரதி மாற்றப்பட்டிருந்தது. காப்பாளர் அதைக் கண்டுபிடித்திருந்தார். உயில் இருந்த பெட்டிக்குச் சாவி இரண்டு பேரிடம்தான் உண்டு. ஒருவர் காப்பாளர், இன்னொருவர் துணை மேலாளர். எனவே சந்தேகம் நேராகத் துணை மேலாளரிடம் போக வேண்டும். போகவில்லை. வாயு திறந்தது 4:05. துணை மேலாளர் வாசல் எந்திரத்தில் கார்டு காட்டி வெளியேறியது 3:59. அரை நாள் வேலை முடிந்த அந்த நேரத்தில் கட்டடத்துக்குள் மிச்சம் இருந்த ஊழியர் ஒரே ஒருவர். தீயெச்சரிக்கை மேசையில் உட்காரும் பெண். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அலாரம் அக்கா.

“அந்த அக்காவை எத்தனை மணிக்கு அரெஸ்ட் பண்றாங்க?”

“இன்னைக்கு அஞ்சு மணிக்கு. இன்ஸ்பெக்டரம்மா நமக்காக அது வரைக்கும் பொறுத்திருக்காங்க.”

“அப்போ நாலு மணி நேரம் இருக்கு. நீங்க காரை ஓட்டினா மூணுதான் அத்தான். நகருங்க, நான் ஓட்டறேன்.”

*

காப்பறைக் கதவு ஒரு ஜாண் தடிமன். மச்சான் போனை உயர்த்திப் பிடித்தபடி உள்ளே போனார். வாத்தியார் கதவைச் சாத்தி, நூறு எண்ணிவிட்டுத் திறந்தார்.

“உள்ள இருந்து கடவுளுக்கே மிஸ்டு கால் குடுக்க முடியாது அத்தான்,” என்றபடி மச்சான் வேகமாக வெளியே வந்தார். சிரிக்கவில்லை. “ஒண்ணு சொல்றேன். அங்க நம்ம மூச்சு நமக்கே கேக்குது. ரெண்டு பேர் மூச்சு விடற மாதிரி கேக்குது.”

உள்ளே உலர்ந்த காகித வாடை. கூரையில் வரிசையாக வாயுக் குழாய்களின் வாய்கள். அலமாரி விளிம்பில் காப்பாளரின் கண்ணாடிக் கூடு இன்னும் அப்படியே இருந்தது, போலீஸ் எண் ஒட்டப்பட்டு. கதவின் உள்கைப்பிடியில் ஒரு திருகு இல்லை. அதைச் சுழற்றினால் சும்மா சுற்றியது.

வெளியே தாழ்வாரத்தில், எதிர்ச்சுவரில் ஒரு கடிகாரம்; கதவுக்குப் பக்கத்துச் சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிவப்பு நெம்புகோல். அதை இழுத்தால் கட்டடத்துக்குள் மட்டும் கேட்கும்படி சைரன் அடிக்கும், கதவு பூட்டிக்கொள்ளும், அரை நிமிடத்தில் வாயு வரும். இதே போன்ற இன்னொன்று தரைத்தளத்தில் அலாரம் அக்காவின் அறையில் இருந்தது. எதை இழுத்தாலும் தீயெச்சரிக்கைப் பலகை 'கையால் திறக்கப்பட்டது' என்று மட்டுமே குறித்துக்கொள்ளும். எந்தக் கை என்று குறிக்காது.

அலாரம் அக்கா தன் நாற்காலியில்தான் இருந்தார். பக்கத்தில் ஒரு பெண் காவலர். நாற்பது வயதிருக்கும். ஐந்து நாளில் கண்ணுக்குக் கீழே பத்து வயது கூடியிருந்தது.

“சைரன் எத்தனை மணிக்குக் கேட்டுச்சும்மா?” என்றார் வாத்தியார்.

“மூணு ஐம்பத்தாறு. சைரன் அடிச்சா முதல்ல மணி பார்த்து எழுதணும், அதான் சட்டம். எதிர்லதான கடிகாரம் இருக்கு. பார்த்து எழுதினேன். அப்புறம் முன்படி வழியாக் கீழ ஓடினேன். பின்படில யார் போனாலும் தெரியாது. கதவு பூட்டிக்கிச்சு. தட்டித் தட்டிக் கை வீங்கிடுச்சு. துணை மேலாளருக்கும் போன் பண்ணினேன்.”

“பலகையில நாலு அஞ்சுன்னு இருக்கே?”

“அதைத்தானே இன்ஸ்பெக்டரம்மாவும் கேக்கறாங்க. ஒன்பது நிமிஷம் வித்தியாசம். 'நேரத்தை ஏன் மாத்தி எழுதின? என்னத்தை மறைக்கற?'ன்னு.” அக்கா தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். “நானும் அதையேதான் கேட்டுட்டிருக்கேன். அந்த ஒன்பது நிமிஷம் நான் எங்க இருந்தேன்? படுத்தா கை தானா நீளுது சார். எதையோ பிடிச்சு இழுக்குது. முழிச்சுப் பார்த்தா கட்டில் கம்பியைப் பிடிச்சிட்டிருக்கேன். நான்தான் இழுத்துட்டேனோ? எனக்கே தெரியாம இழுத்துட்டேனோ?”

சுவர்க்கடிகாரத்தில் பெரிய முள் ஒரு கோடு நகர்ந்தது. அக்கா அதைப் பார்த்துத் திடுக்கிட்டதை வாத்தியார் கவனித்தார்.

“கடிகாரத்தைப் பார்த்து எதுக்குப் பயப்படறீங்க?”

“சொன்னா மனநிலை சரியில்லைன்னு எழுதிக்கறாங்க.”

“நான் எழுத மாட்டேன். மச்சானுக்கு எழுதவே வராது. சொல்லுங்க.”

அக்கா குரலைத் தாழ்த்தினார். “அன்னைக்கு மத்தியானம் ரெண்டு நாப்பதுக்கு அது நின்னுச்சு. பேட்டரி தீர்ந்துடுச்சுன்னு ஸ்டூல் போட்டு ஏறிக் கழட்டினேன். பேட்டரியே இல்ல, பின்னாடி ஒரு ஒயர்தான் இருந்துச்சு. திரும்ப மாட்டிட்டேன். கொஞ்ச நேரத்துல தானா ஓட ஆரம்பிச்சுது. அது போகட்டும். சாயங்காலம் அவரை ஸ்ட்ரெச்சர்ல வெச்சு இந்த வழியாத்தான் கொண்டு போனாங்க. நான் ஓரமா நின்னுட்டிருந்தேன். அப்போ பெரிய முள்ளு சரசரன்னு ஓடிச்சு சார். யாரோ விரலால தள்ளின மாதிரி. ஓடிட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி நின்னு, சாதாரணமாப் போச்சு.”

பெண் காவலர் நாற்காலியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

வெளியே தாழ்வாரத்தில் மச்சான் மெல்லச் சொன்னார். “பேய் கடிகாரத்தை நிறுத்தும், கேள்விப்பட்டிருக்கேன். நிறுத்தின நிமிஷத்தை எல்லாம் ஒண்ணு விடாம திருப்பிக் குடுத்துட்டுப் போற நாணயமான பேய் இதுதான் அத்தான்.”

வாத்தியார் நடையை நிறுத்தினார்.

“என்ன சொன்ன? திரும்பச் சொல்லு.”

“கோவிச்சுக்காதீங்க, தமாஷுக்கு...”

“தமாஷ் இல்ல. நிறுத்தினாங்க, திருப்பிக் குடுத்தாங்க. காப்பாளர் எதுக்கு மனைவிகிட்ட மணி கேட்டார்? அவர் கண் முன்னாடி இருந்த கடிகாரம் வேற மணி காட்டியிருக்கு. அந்த ஒயர் எங்க போகுது?”

*

ஒயர் இரண்டாம் மாடிக்குப் போனது. அங்கே, ஏசி உறுமும் சின்ன அறையில் நெட்வொர்க்காரர் இருந்தார். முப்பது வயது, ஸ்வெட்டர், ஓயாத இருமல். கட்டடத்தின் கம்ப்யூட்டர்கள், கார்டு எந்திரங்கள், சுவர்க்கடிகாரங்கள் எல்லாவற்றுக்கும் இங்கிருந்துதான் மணி போகிறது என்று பெருமையாகச் சொன்னார்.

“தீயெச்சரிக்கைப் பலகைக்கு?”

“அது தனிக் குடித்தனம் சார். அதுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கு, நம்மளைக் கேக்காது. மத்த எல்லாத்துக்கும் நம்ம நேர சர்வர்தான். ஒண்ணே ஒண்ணு வெச்சா, அது சொல்றதுதான் மணி. கெட்டாலும் தெரியாது. ரெண்டு வெச்சா, மாறி மாறிச் சொன்னா எது சரின்னு தெரியாது. மூணு வெச்சா, ரெண்டு பேர் எதைச் சொல்றாங்களோ அதை எடுத்துக்கலாம். அதனால மூணு. அண்ணன், தம்பி, சம்பந்தின்னு பேர் வெச்சிருக்கேன். முதல் ரெண்டும் ஒரே கம்பெனி, மூணாவது வேற இடத்துல வாங்கினது.”

இரும்பு அலமாரியில் இரண்டு பெட்டிகளில்தான் பச்சை விளக்கு எரிந்தது. மூன்றாவது இடம் காலி.

“சம்பந்தி எங்க?” என்றார் மச்சான். “கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரா?”

“அது கெட்டுப்போச்சு. சனிக்கிழமை மத்தியானம் பொய் சொல்லியிருக்கு. திங்கட்கிழமை வந்து ரிப்போர்ட் பார்த்தேன். கழட்டி மேஜைக்கடியில அட்டைப்பெட்டில போட்டுட்டேன்.”

“எந்த வீட்லதான் சம்பந்தி சொல்றதை நம்பியிருக்காங்க,” என்றார் மச்சான்.

வாத்தியார் ரிப்போர்ட்டை வாங்கினார். ஒரே வரி. 2:40 முதல் 4:30 வரை சம்பந்தி மற்ற இருவரோடு ஒத்துப்போகவில்லை, ஒன்பது நிமிடம் முன்னால் இருந்தது, எனவே தள்ளிவைக்கப்பட்டது.

“அண்ணனுக்கும் தம்பிக்கும் மணி எங்கிருந்து வருது?”

“செயற்கைக்கோள்லேருந்து. மொட்டைமாடில ஆண்டெனா இருக்கு.”

“ரெண்டுக்கும் தனித்தனியா?”

நெட்வொர்க்காரர் இருமினார். தேவைக்கு அதிகமாகவே இருமினார். “தனித்தனிதான் சார்.”

“வாங்க, மாடிக்குப் போவோம்.”

மொட்டைமாடி வெயிலில் கண் கூசியது. கைப்பிடிச் சுவர் ஓரமாக, கவிழ்த்த கிண்ணங்கள் போல மூன்று வெள்ளை ஆண்டெனாக்கள். முதலாவதின் கேபிளும் மூன்றாவதின் கேபிளும் சுவரில் இருந்த குழாய்க்குள் இறங்கின. நடுவில் இருந்ததின் கேபிளைப் பிடித்துக்கொண்டே மச்சான் குனிந்து போனார். ஒரு கை நீளத்தில் ஒரு செங்கல். செங்கல்லைப் புரட்டினார். கேபிள் அங்கேயே முடிந்தது. நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

“இவர் சும்மா வானத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்கார் அத்தான். எங்க பெரியப்பா மாதிரி.”

நெட்வொர்க்காரர் தண்ணீர்த் தொட்டியின் திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

“குழாய்ல ரெண்டு கேபிள்தான் போச்சு சார். மூணாவதுக்குச் சுவரை உடைக்கணும்னு எழுதிக் குடுத்தேன். துணை மேலாளர் கூப்பிட்டு, 'தணிக்கைக்கு வர்றவங்க ஆண்டெனாவைத்தான் எண்ணுவாங்க, கேபிளை எண்ண மாட்டாங்க. சுவரை உடைக்காம ஒரு வழி பாரு'ன்னார். தம்பியை அண்ணனைக் கேட்டுக்கச் சொல்லி விட்டுட்டேன். ரெண்டு வருஷமா ஒரு பிரச்சினையும் இல்ல சார்.”

“அதாவது, தம்பிக்குச் சொந்தமா மணி தெரியாது. அண்ணன் சொல்றதைத்தான் சொல்வான்.”

“ஆமா.”

“யாரோ ஒருத்தர் அண்ணனை ஒன்பது நிமிஷம் பின்னாடி தள்ளினா?”

“தம்பியும் பின்னாடி போவான்.”

“ரெண்டு பேர் ஒரே மணி சொல்றாங்க. சம்பந்தி மட்டும் தனியா நிக்கறார். உங்க ஏற்பாட்டுல பொய்யர் யாரு?”

கீழே அட்டைப்பெட்டியில் கிடந்ததுதான் சரியான மணி சொன்னது என்று நெட்வொர்க்காரருக்குப் புரிந்துவிட்டது.

“சுவர்க்கடிகாரம் ஏன் நின்னுச்சு?” என்றார் மச்சான்.

“அதுக்குப் பின்னாடி போகத் தெரியாதுங்க. மணியைக் குறைச்சா, அந்தக் குறைச்ச மணி வந்து சேர்ற வரைக்கும் அப்படியே நிக்கும். கூட்டினா ஓடிப் போய்ச் சேர்ந்துக்கும்.”

“ஒன்பதுக்குப் பதிலா ஒரு மணி நேரம் தள்ளியிருந்தா?”

“பதினாறு நிமிஷத்துக்கு மேல ஒரேயடியாத் தள்ளினா கம்ப்யூட்டருங்க சந்தேகப்பட்டு ஏத்துக்காது. அதுக்குக் கீழன்னா நம்பிடும். இதெல்லாம் நான் எழுதின குறிப்பேட்டுல இருக்கு.”

“அதை யார் யார் படிச்சாங்க?”

“யாரும் படிக்க மாட்டாங்கன்னு நெனச்சுத்தான் சார் எழுதினேன்.”

வாத்தியார் நோட்டில் இரண்டு கூட்டல் போட்டார். கார்டுப் பதிவில் காப்பாளர் உள்ளே போனது 3:54. ஒன்பதைக் கூட்டினால் 4:03. அப்படியானால் 4:01-க்கு மனைவியிடம் பேசியபோது அவர் காப்பறைக்கு வெளியே, தாழ்வாரத்தில், உயிரோடு நின்றுகொண்டிருந்தார். எதிரே இருந்த கடிகாரம் இன்னும் நாலே ஆகவில்லை என்றது, கையில் இருந்த போன் நாலு தாண்டிவிட்டது என்றது; எது சரி என்று பார்க்கத்தான் மணி கேட்டிருக்கிறார், சிரித்திருக்கிறார். துணை மேலாளர் வெளியேறியதாகப் பதிவான 3:59-ம் இதே கணக்கில் 4:08. வாயு திறந்து மூன்று நிமிடம் கழித்து.

*

நாலு மணிக்கு இன்ஸ்பெக்டரம்மா இரண்டாம் மாடி சர்வர் அறைக்கு வந்தார். கூடவே துணை மேலாளரும் வந்தார். வெளுத்த சட்டை, அமைதியான முகம். வாத்தியார் சொன்னதை எல்லாம் கடைசி வரை கேட்டுவிட்டு ஒருமுறை தலையாட்டினார்.

“ரொம்ப நல்லாக் கண்டுபிடிச்சிருக்கீங்க. ஆனா சர்வரை அசைக்கப் பாஸ்வேர்டு வேணும். அது இந்த நெட்வொர்க்குத் தம்பிகிட்டதான் இருக்கு.”

நெட்வொர்க்காரருக்கு இருமல்கூட வரவில்லை. “சார், நான் அன்னைக்கு ஒண்ணு பத்துக்கே வீட்டுக்குப் போயிட்டேன். இந்த அறையில உக்காந்துதான் மாத்த முடியும், வெளிய இருந்து முடியாது. அதோட பாஸ்வேர்டை ஒரு கவர்ல போட்டு ஒட்டி உங்க அலமாரியில...”

“ஒட்டின கவர் ஒட்டினபடி இருக்கும். வெளிய இருந்து முடியுமா முடியாதான்னு உனக்குத்தானே தெரியும்?” துணை மேலாளர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். “அதோட, நான் கார்டை மட்டும் காட்டிட்டுப் போகலை மேடம். வாசல் புத்தகத்துல என் கையால எழுதியிருக்கேன். மூணு ஐம்பத்தொன்பது. எந்திரத்தை யார் வேணா ஏமாத்தலாம். நோட்டுப் புத்தகத்துக்கு ஆண்டெனா கிடையாதே?”

இன்ஸ்பெக்டர் கோப்பிலிருந்து ஒரு ஜெராக்ஸ் துண்டை எடுத்து வாத்தியாரிடம் நீட்டினார். ஒரே ஒரு வரி. துணை மேலாளரின் கையெழுத்து, நேரம் 3:59.

“அஞ்சு நாளா என்கிட்ட இருக்கு வாத்தியாரே. கார்டும் இதுவும் நிமிஷம் தப்பாம ஒத்துப்போகுது. ரெண்டு சாட்சி. அப்போ மணி ஓடினது சரிதான்னு ஆகுது. இல்லைன்னா நெட்வொர்க்காரரைக் கொண்டு போகணும். நீங்க ஒருத்தரைக் காப்பாத்த இன்னொருத்தரைக் குடுத்திருக்கீங்க, அவ்வளவுதான்.” தன் வாட்சைப் பார்த்தார். “நாலு இருபது. கீழ வண்டி நிக்குது. ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன். அலாரம்காரம்மாவையும் இவரையும். நிலையத்துல வெச்சுப் பேசிக்கறேன்.”

வாத்தியார் அந்தத் துண்டுக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு சாட்சி,” என்றார். “அண்ணனும் தம்பியும்கூட ரெண்டு சாட்சிதான். மேடம், இந்த வரிக்கு மேல் வரியில என்ன இருக்கு?”

“தேவைப்படலை. பார்க்கலை.”

“வண்டிக்கு வாசல் வழியாத்தானே போகணும். போற வழியில பார்த்துட்டுப் போவோம்.”

*

வாசல் காவலரின் கூண்டில் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, வீட்டிலிருந்து அவரே கொண்டுவந்த ஒரு பேட்டரிக் கடிகாரம். அதிலிருந்து எந்த ஒயரும் எங்கேயும் போகவில்லை. கார்டு எந்திரம் வெளியே தூணில் இருந்தது. பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும்தான் அதில் உண்டு, மணி தெரியாது.

அலாரம் அக்கா பெண் காவலருடன் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றார். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

வாசல் காவலர் சனிக்கிழமைப் பக்கத்தைப் பிரித்தார். மச்சான் குனிந்து சத்தமாகப் படித்தார்.

“கூரியர்காரர், வெளியே, நாலு ஆறு. அடுத்த வரி, துணை மேலாளர், வெளியே, மூணு ஐம்பத்தொன்பது. அடுத்த வரி, தண்ணி கேன், உள்ளே, நாலு பத்து.” நிமிர்ந்தார். “நாலு ஆறுக்குப் போனவர் பின்னாலேயே வந்து மூணு ஐம்பத்தொன்பதுக்குப் போயிருக்கார். அத்தான், நாம தேடின பேய் இவர்தான். காலத்துல பின்பக்கமா நடந்திருக்கார்.”

“இதை நீங்க கேக்கலையா?” இன்ஸ்பெக்டர் காவலரிடம் கேட்டார்.

“பெரியவர் எழுதினதை நான் எப்படிம்மா கேக்கறது? கண்ணாடி போடலை போலன்னு விட்டுட்டேன்.”

“ஹால் கடிகாரத்தைப் பார்த்துட்டு வந்தேன்,” என்றார் துணை மேலாளர். “அது தப்பா ஓடியிருந்தா நான் என்ன பண்றது? அந்த ஞாபகத்துலேயே எழுதினேன்.”

வாத்தியார் தலையாட்டினார். “நியாயம்தான். நாலரைக்கு முன்னாடியே நீங்க திரும்பி வந்தீங்க இல்ல? அலாரம் அக்கா போன் பண்ணிச் சொன்னதும்?”

“வந்தேன்.”

“மச்சான், கீழ படி.”

“துணை மேலாளர், உள்ளே, நாலு இருபத்தஞ்சு. இது ஒழுங்கா வரிசையிலதான் இருக்கு.”

“மேடம், உங்க கார்டுப் பட்டியல்ல இவர் திரும்பி வந்த நேரம் என்ன?”

இன்ஸ்பெக்டர் கோப்பைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது.

“நாலு பதினாறு.”

“ஒன்பது குறையுது. அப்போ எந்திரம் தப்பா ஓடினது நிஜம்னு இவர் கையெழுத்தே சொல்லுது. திரும்பி வர்றப்போ அவசரம். பழக்கப்படி தன் வாட்சைப் பார்த்து எழுதிட்டார். சரியான மணி. இருபது நிமிஷம் முன்னாடி வெளிய போறப்போ அதே வாட்ச் அதே கையிலதான் இருந்துச்சு. எதிர்ல இந்தக் கடிகாரமும் இருந்துச்சு. ரெண்டும் நாலு எட்டு காட்டியிருக்கும். அதை எழுதினா கார்டோட ஒத்துப்போகாது. அதனால மனசுக்குள்ள ஒன்பதைக் கழிச்சு எழுதினார். எந்திரம் எவ்வளவு பின்தங்கி ஓடுதுன்னு நிமிஷக் கணக்காத் தெரிஞ்ச ஆள்தான் அப்படிக் கழிக்க முடியும்.” வாத்தியார் புத்தகத்தை மூடினார். “கழித்தல் சரியாத்தான் போட்டிருக்கார். விடையை எழுத வேண்டிய இடம்தான் தப்பு.”

துணை மேலாளர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். சட்டைக் கையை இழுத்து வாட்சை மூடிக்கொண்டார். யாரும் அவரிடம் மணி கேட்கவில்லை.

“அலமாரிச் சாவி,” என்றார் இன்ஸ்பெக்டர், கையை நீட்டி.

அலமாரியில் கவர் இருந்தது. மேல்பக்கம் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. அடிப்பக்கம் பிளேடால் கீறி மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. அதற்குக் கீழே நெட்வொர்க்காரரின் குறிப்பேடு. பதினாறு நிமிடம் என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தது.

“ஒரு வாசகராவது கிடைச்சாரே,” என்றார் மச்சான். நெட்வொர்க்காரர் சிரிக்கவில்லை.

ஐந்து மணிக்கு அலாரம் அக்காவைப் போகலாம் என்றார்கள். அவர் உடனே போகவில்லை. வாத்தியாரிடம் வந்து, “அந்த ஒன்பது நிமிஷம் நான் எங்கயும் போகலையா சார்?” என்று கேட்டார்.

“எங்கயும் போகலை. அந்த ஒன்பது நிமிஷமே இல்லம்மா. சைரன் அடிச்சதும் ஓடினீங்க.”

அக்கா தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

துணை மேலாளர் ஐந்து இருபதுக்குக் கைது செய்யப்பட்டார். ஆறு மணிக்கு மச்சான் காப்பாளர் வீட்டுக்குப் போய், அழைப்பு வந்தபோது அவர் கதவுக்கு வெளியேதான் நின்றார் என்று சொன்னார். காப்பாளரின் மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “உங்க கடிகாரம் தப்பா இருக்கு, யாரையாவது கேளுங்கன்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம்,” என்றார்.

ஜூலை 2, புதன்கிழமை, சுவரை உடைத்து மூன்றாவது கேபிள் இறக்கப்பட்டது. சம்பந்தி பழைய இடத்தில் மாட்டப்பட்டது. நான்காவதாக ஒரு சர்வரும் வாங்கினார்கள். நெட்வொர்க்காரருக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை தரப்பட்டது. ஜூலை 7, திங்கட்கிழமை அலாரம் அக்கா வேலைக்குத் திரும்பினார். தன் மேஜைக்கு எதிரே இருக்கும் சுவர்க்கடிகாரத்தை எடுத்துவிடும்படி அன்றே எழுதிக் கொடுத்தார். எடுத்துவிட்டார்கள்.